ஒரு பூச்சுக்கும் மறு பூச்சுக்கும் இடையில்

என்னுடைய கார் அவருடைய காரைவிட ஆறு வருடம் இளையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்த யாரும் இதை நம்பியதில்லை. அவருடையது கறுப்பு, என்னுடையது கடும் நீலம். ஒருமுறை வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவரிடம், பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டவா என்று கேட்டே விட்டேன். விருந்தாளி சிரித்தார். "புத்தகத்துல புதுசா இருந்து என்ன காக்கா, பார்வைக்கு அதுதானே புதுசு" என்றார். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். அன்று அந்த விருந்தாளிக்குத் தேத்தண்ணீர் கொடுத்தது நான்.

கறுப்புக் காருக்குரிய அவர் என்று நான் சொல்வது என் சகலனை, அதாவது என் மனைவியின் தங்கையைக் கட்டியவரை. எங்கள் கல்முனைக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்ச் சேருவார். பெண்ணைப் பெற்றவர்கள் ஆளுக்கொரு வீடு கட்டிக் கொடுப்பார்கள். என் மாமாவுக்கு மூன்று பெண்பிள்ளைகள், ஆகவே ஒரே வளவுக்குள் மூன்று வீடு. முன்னுக்கு எங்களுடையது, நடுவில் சகலனுடையது, பின்னுக்குக் கடைசி மகளுக்குக் கட்டியது. மாமாவும் மாமியும் அதில் கடைசி மகளோடு இருந்தார்கள். மூன்று வீட்டுக்கும் ஒரே கேட், ஒரே மணல் முற்றம். ஒரு வீட்டில் இறைச்சி ஆக்கினால் மற்ற இரண்டு வீட்டுக்கும் மணக்கும். ஒருவர் காரைக் கழுவினால் மற்ற இரண்டு வீட்டு யன்னலும் திறக்கும்.

நான் இந்த வளவுக்கு வந்து பதினான்கு வருடம். அவர் வந்து எட்டு வருடம். இடையிலிருந்த அந்த ஆறு வருடமும் மாமா "மருமகன்" என்று கூப்பிட்டால் அது நான்தான், வேறு ஆள் இல்லை. பாரை மீன் வாங்கினால் தலை எனக்கு வரும். தயிர்ச் சட்டியை மாமி என் முன்னால்தான் முதலில் வைப்பார். அவர் வந்த பிறகு நான் "மூத்த மருமகன்" ஆனேன், அவர் "சின்ன மருமகன்" ஆனார். ஒரு சொல் முன்னால் வந்து ஒட்டியதில் உங்களுக்கு என்ன குறைந்துபோனது என்று மனைவி கேட்பாள். ஒன்றும் குறையவில்லை என்று சொல்லிவிட்டு மூன்று நாள் அவளோடு கதைக்காமல் இருப்பேன்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அவரை இந்த வளவுக்குள் கொண்டுவந்து இறக்கியதே நான்தான். மாப்பிள்ளையை அவர் வீட்டில் போய் எடுத்து, பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய், நிக்காஹ் முடிந்ததும் பெண் வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பது எங்கள் குடும்பத்தில் மூத்த மருமகனின் வேலை. அப்போது என்னிடம் கார் இல்லை, வாடகை வான் ஒன்றில் போய் எடுத்தேன். வழி நெடுக அவருக்கு வியர்த்தது. நான்தான் முகம் துடைக்க என் கைலேஞ்சியைக் கொடுத்தேன்.

கலியாணம் முடித்துவிட்டு அவர் கத்தாருக்குத் திரும்பிப் போனார். அங்கே எல்லாமாக ஒன்பது வருடம், கார் மினுக்குகிற ஒரு கடையில் வேலை. மூன்று வருடத்துக்கு முன் ஒரேயடியாக வந்து, கல்முனைப் பஸாரில் டயர் கடை போட்டார். ஒரு பழைய கறுப்புக் காரை வாங்கி, அதற்கென்று தகரத்தில் ஒரு கொட்டிலும் அடித்தார். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்து அதன் பக்கத்தில் குந்தினால், மத்தியான ஜும்ஆத் தொழுகைக்குக் குளிக்கப் போகும் வரைக்கும் எழும்பமாட்டார். அவர் எழும்பும்போது அந்தக் காரில் எங்கள் மூன்று வீட்டுக் கூரையும் தெரியும். தென்னை ஓலை ஆடுவது தெரியும். என் வீட்டு யன்னலில் நிற்கிற நானும் தெரிவேன்.

எனக்குப் பொறாமைதான். அதற்கு வேறு பெயர்கள் வைத்துப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் பொருந்தவில்லை. நான் கந்தோரில் மேசைக்குப் பின்னால் இருந்து கையெழுத்து வைக்கிறவன், அவர் அடுத்தவன் காரைத் துடைத்தவர் என்று என்னை நானே தேற்றிக்கொண்ட நாட்களும் உண்டு. அந்தத் தேறுதல் யன்னல் வரைக்கும்தான் நிற்கும். யன்னலைத் திறந்தால் அந்தக் கறுப்பு மினுமினுப்பு.

ஊருக்கு வந்த கையோடு அவர் எனக்கு ஒரு மெழுகு டின் தந்திருந்தார். "காக்கா, இது உங்களுக்கு. கடல் காத்துக்கு நல்லது" என்றார். எங்கள் முறைக்குச் சகலனுக்குச் சகலன் சகோதரம் மாதிரி. அவர் என்னைக் காக்கா என்பார், நான் அவரைத் தம்பி என்பேன். நான் வாங்கி, சந்தோசம் தம்பி என்று சொல்லி, அலுமாரிக்கு மேலே சூட்கேஸ்களுக்குப் பின்னால் வைத்தேன். மூன்று வருடம் அதைத் தொடவில்லை. அவர் தந்ததைப் பூசி என் கார் மினுங்கினால், அந்த மினுக்கமும் அவருடையதாகத்தானே போய்விடும்.

இப்படி இருக்கும்போதுதான் கடைசி மகளின் கலியாணம் வந்தது. நிக்காஹ் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு. அதற்கு முந்திய திங்கட்கிழமை பின்னேரம், மாமாவும் நாங்கள் இருவரும் முற்றத்தில் கதிரை போட்டு இருந்து, யார் எதைச் செய்வது என்று கதைத்துக்கொண்டிருந்தோம்.

"மாப்பிள்ளைய எடுக்க சின்ன மருமகன்ட காரக் கொண்டு போவம்" என்றார் மாமா. "மினுமினுப்பாக் கிடக்கு, ஊருக்கும் வடிவா இருக்கும். மூத்த மருமகன் ஓட்டட்டும்."

அவருடைய காரில் நான் சாரதி. மாமா இதை ஒரு குத்தலாகச் சொல்லவில்லை. பந்தல்காரனுக்கு எத்தனை கதிரை சொல்வது என்று கதைத்த அதே குரலில்தான் சொன்னார். அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

சகலன் உடனே குறுக்கிட்டார். "இல்ல மாமா, காக்காட காரயே கொண்டு போவம். அவர்தானே மூத்தவர்."

விட்டுக்கொடுக்கிறாராம். பிடுங்கினால்கூடச் சண்டை பிடிக்கலாம், விட்டுக்கொடுக்கிறவரை என்ன செய்வது? எனக்குக் காது சூடாகிவிட்டது. "வெள்ளிக்கிழமை என்ட காரையும் ஒருக்காப் பாருங்க மாமா" என்றேன். "பார்த்துப்போட்டு முடிவெடுங்க."

"ஓம், ஓம், பாப்பம்" என்றார் மாமா. மாமா நெல் வியாபாரம் செய்தவர். எதையும் விரலால் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார்.

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. மாப்பிள்ளை என் காரில் வர வேண்டும். அது நடந்தால் நான் இன்னும் இந்த வளவின் மூத்த மருமகன். நடக்காவிட்டால் முன் வீட்டில் குடியிருக்கிற ஒருவன், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை லீவு போட்டேன். விடியவே காரைக் கழுவிக் காயவிட்டு, அலுமாரியில் ஏறி டின்னை எடுத்து, தூசியைத் துடைத்து முற்றத்துக்குக் கொண்டுவந்தேன். பார்த்தால் டின் முழுக்க அரபு. ஆங்கிலத்தில் கம்பனிப் பெயர் மட்டும்தான் இருந்தது.

நான் ஓதத் தெரிந்தவன். குர்ஆனை மூன்று தரம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஓதி முடித்தவன். சின்ன வயதில் ஓதல் போட்டியில் பரிசும் எடுத்தேன். ஆனால் ஓதத் தெரியும் என்பது வேறு, விளங்கும் என்பது வேறு. எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போலத்தான். எழுத்தைக் கண்டால் நாக்கு தானாக ஓடும், பொருள் கூடவே வராது. டின்னிலும் உயிர்க்குறிகள் போடவில்லை. ஆகவே நானே குறி போட்டு, எழுத்துக்கு எழுத்து நிறுத்தி, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, மெழுகு டின்னை ஓதினேன். பின் வீட்டிலிருந்து கோழிக்குத் தவிடு கொண்டுவந்த மாமி, கார் பக்கத்தில் நான் எதையோ ஓதுவதைக் கேட்டு நின்று, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் முடித்ததும் ஆமீன் என்று சொல்லிவிட்டுப் போனார். கலியாணக் காருக்கு துஆ ஓதுகிறேன் என்று நினைத்திருப்பார். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

ஓதியதில் எனக்கு விளங்கியது இரண்டு இலக்கம் மட்டும். வசன இலக்கங்கள் பார்த்துப் பழகிய கண் அல்லவா. ஒரு இடத்தில் பதினைந்து. இன்னொரு இடத்தில் இருபத்து நாலு. பதினைந்து என்றால் பதினைந்து நிமிடம். பூசி, பதினைந்து நிமிடம் விட்டு, துடைத்து, அடுத்ததைப் பூசுவது. இருபத்து நாலு என்றால் டின்னைத் திறந்து இருபத்து நாலு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் போல என்று தீர்மானித்தேன். அறுபது அடி தள்ளி, நடு வீட்டில், அரபு கதைத்து ஒன்பது வருடம் சாப்பிட்ட மனிதர் இருந்தார். அன்று கடைக்கும் போகவில்லை. மனைவி குசினி வாசலில் நின்று கேட்டாள்: "அவர் அதத்தானே ஒம்பது வருஷம் செஞ்ச? ஒரு வார்த்த கேட்டா என்ன?"

"உனக்கு விளங்காது, நீ உள்ளுக்குப் போ" என்றேன்.

பழைய மருதமுனைக் கைத்தறிச் சாரன் ஒன்றைக் கிழித்து, அதில் மெழுகை எடுத்துப் பூசினேன். பதினைந்து நிமிடம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு துடைத்தேன். யா அல்லாஹ், அந்த நீலம்! வாங்கிய நாளில்கூட அப்படி ஒரு நீலத்தை நான் காணவில்லை. பொனெட்டில் என் முகம் தெரிந்தது. என் முகம் எனக்கே பிடித்துப்போன நாட்கள் குறைவு, அன்று பிடித்தது.

மத்தியானம் லுஹருக்குத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் புறப்பட்ட சகலன் என் கார் பக்கத்தில் நின்றார். குனிந்து, வெளிச்சத்துக்குத் தலையைச் சரித்துப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு காக்கா. இனி ஒரு நாள் உடுங்க. நாளைக்கு இந்த நேரத்துக்கு ரெண்டாவதப் போடுங்க."

"ஒரு நாளா?"

"ஓம். முதல் போட்டது இறுகோணும். அதுக்கிடையில மேல போட்டா அடியில உள்ளதையும் இளக்கிப் போடும். மறுகா ரெண்டும் இல்லாமப் போகும்."

சொல்லிவிட்டு அவர் நடந்தார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாளைக்கு இந்த நேரம் என்றால் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம். மாமா பார்க்க வருவது அதற்கு முன்பு. ஆக, ஒரே ஒரு பூச்சோடு என் கார் நிற்க, எத்தனையோ பூச்சுக் கண்ட அவர் கார் பக்கத்தில் நிற்கும். நல்ல ஏற்பாடுதான். திங்கட்கிழமை வாயால் விட்டுக்கொடுத்தார், வியாழக்கிழமை கையால் பிடுங்குகிறார். எனக்கு அப்படித்தான் பட்டது. டின்னிலிருந்த இருபத்து நாலு அந்த நேரம் நினைவுக்கு வராமலும் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் வாயிலிருந்து வந்த பிறகு அது உண்மையாக இருப்பதை நான் விரும்பவில்லை.

பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே தொழுதேன். தொழுத கையோடு இரண்டாவது பூச்சைப் போட்டேன். பதினைந்து நிமிடம். அது சரியாகத் துடைபடாமல் இருக்கவே, வெயிலில் வைத்தால் சரிவரும் என்று காரை முற்றத்து நடுவுக்கு எடுத்தேன். மூன்றாவதையும் போட்டேன். கச்சான் காற்று அடிக்கிற காலம் அது. வயல் பக்கத்திலிருந்து வருகிற சூட்டுக் காற்று, பதர்த் தூசி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தது. வந்த தூசி என் காரில் இருந்தது, எழும்பவில்லை.

அஸர் நேரம் ஆனபோது காரைப் பார்க்கச் சகிக்கவில்லை. பொனெட்டில் கஞ்சி கொட்டிக் காய்ந்த மாதிரி திட்டுத் திட்டாக மங்கல். கதவுகளில் துணி போன பக்கமெல்லாம் கோடு. துடைக்கத் துடைக்க அது பரவியது. சாரன் துண்டு ஒட்டிப் பிடித்தது. காலையில் கண்ட நீலம் எங்கே போனதென்று தெரியவில்லை. என் கை மூட்டு இரண்டும் வலித்தது. அழுகை வந்தது, நாற்பத்திரண்டு வயதில், ஒரு காருக்காக.

மாமா வெள்ளிக்கிழமை வரை பொறுக்கவில்லை. பள்ளிக்குப் போகிற வழியில் நின்று, பொனெட்டில் ஒரு விரலை வைத்து இழுத்தார். விரல் நுனியைப் பார்த்தார். சாரனில் துடைத்தார்.

"வெள்ளன நல்லாத்தானே கிடந்த, மருமகன்?" என்றார்.

நடு வீட்டுக் கொட்டில் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு போனார். முடிவு எடுத்தாயிற்று என்று எனக்கு விளங்கியது.

வெள்ளிக்கிழமை சுபஹ் தொழுது, பள்ளியிலிருந்து வேண்டுமென்றே கடற்கரைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு பிந்தி வந்தேன். கேட்டைத் திறந்தால் என் காரை அவருடைய கொட்டிலுக்குள் காண்கிறேன். அவருடைய கார் வெளியே, தூசியில் நிற்கிறது. சகலன் ஒரு வாளி தண்ணீரும் ஏதோ ஒரு திரவப் போத்தலுமாகக் குந்தியிருந்து, நான் போட்ட மூன்று பூச்சையும் கழற்றிக்கொண்டிருந்தார். பாதிக் கார் ஏற்கெனவே துப்புரவாகியிருந்தது. காரின் திறப்பை என் மனைவியிடம் வாங்கியிருக்கிறார். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்கவும் மாட்டேன்.

"காக்கா, கோவிச்சுக்காதீங்க" என்றார் நிமிராமல். "இண்டைக்கு ஒண்டு. நாளைக்கு இதே நேரம் ஒண்டு. ஞாயித்துக்கிழமை யாரும் கை வெக்க வேணாம். கணக்குச் சரியா வரும்."

நான் கொட்டில் தூணில் சாய்ந்து நின்றேன். அவர் வேலை செய்துகொண்டே கதைத்தார். கத்தாரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரும் இதே பிழையைச் செய்தாராம். ஒரு பெரிய மனிதரின் காருக்கு அவசரத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டு பூச்சுப் போட்டு, பிறகு இரண்டு நாள் இருந்து கழற்றினாராம். "ரெண்டு நேரம் இருக்கு காக்கா. பூசினாத் துடைக்கிறதுக்குப் பதினஞ்சு நிமிஷம். துடைச்சா அடுத்ததுக்கு ஒரு நாள். டின்னிலயும் அப்பிடித்தான் போட்டிருக்கு."

டின்னில் போட்டிருப்பதை நான் அழகாக ஓதியதை அவரிடம் சொல்லவில்லை.

பிறகு புதுத் துணி ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "பொனெட்ட நீங்க செய்ங்க. மெல்லிசாப் போட்டாக் காணும், தடிப்பு வேணாம். விரலால ஒரு கோடு இழுத்துப் பாருங்க, மாவு மாதிரி வந்தாத் துடைக்கலாம்." நான் வாங்கினேன். அவர் காட்டியபடி செய்தேன். நன்றி சொல்ல வேண்டிய இடம் அது. வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும் என்று பயந்து திறக்கவில்லை. ஒரு மனிதர் உங்களைவிட நன்றாக ஒரு வேலையைச் செய்தால் பொறாமை வரும், அது சாதாரணம். அவர் உங்களைவிட நல்லவராகவும் இருந்துவிட்டால் அந்தப் பொறாமையை வைக்க இடமே இல்லை.

ஜும்ஆவுக்கு முன் மாமா வந்து பார்த்தார். விரல் வைத்தார். நுனியைப் பார்த்தார், சாரனில் துடைக்கவில்லை. "இதயே கொண்டு போவம்" என்றார்.

சனிக்கிழமை காலை சகலன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "காக்கா, நேரமாகிட்டு." இருபத்து நாலு மணித்தியாலம், ஐந்து நிமிடம் கூடவோ குறையவோ இல்லை. இரண்டாவது பூச்சைப் போட்டோம். அவருடைய காருக்குச் செய்ய நேரம் இல்லாமல் போய்விட்டது. கலியாணத்துக்கு வந்த சனமெல்லாம் அதைத் தூசியோடு கண்டார்கள். "அது கிடக்கட்டும்" என்றார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை நான் வென்றேன். மல்லிகைச் சரமும் வெள்ளை ரிபனும் கட்டி, என் நீலக் காரை வளவிலிருந்து எடுத்தபோது முற்றத்தில் நின்ற பெண்கள் எல்லோரும் யன்னல் கண்ணாடியை விட்டுவிட்டுக் கதவில் முகம் பார்த்து முக்காட்டைச் சரிசெய்தார்கள். மாமா பந்தலுக்குள்ளிருந்து வெளியே வந்தார். பொனெட்டை உள்ளங்கையால் தடவினார். நான் கதவுக் கண்ணாடியை இறக்கி, அவர் வாயிலிருந்து வரப்போகிற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

"சின்ன மருமகன்ட கை பட்டா அது வேறதான்" என்றார் மாமா.

நான் கண்ணாடியை ஏற்றினேன்.

மாப்பிள்ளை வீட்டிலும் இதே கதைதான். காரைச் சுற்றி நின்று பார்த்தார்கள். எங்கே கொடுத்துச் செய்தது என்று மாப்பிள்ளையின் வாப்பா கேட்டார். "வீட்டிலதான்" என்றேன். அது பொய் இல்லை. மாப்பிள்ளை கோட்டும் தொப்பியுமாக வந்து என் பக்கத்து ஆசனத்தில் ஏறினார். பின் ஆசனத்தில் அவருடைய வாப்பாவும் இரண்டு பெரியவர்களும் தங்களுக்குள் கதைத்துக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளைக்கு வங்கியில் வேலை. அவரிடமும் ஒரு கார் உண்டு, கடும் சிவப்பு. என்னுடையதைவிட நாலு வருடம் இளையது. கலியாணம் முடிய அதுவும் எங்கள் முற்றத்துக்கு வரப்போகிறது.

அவருக்கும் வியர்த்தது. எதையாவது கதைக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். பொனெட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "காக்கா, மெழுகுதானே இது? என்ட காருக்கும் போடோணும் எண்டு நெனச்சிருக்கன். ஒரு பூச்சுக்கும் மத்தப் பூச்சுக்கும் எவ்வளவு நேரம் உடோணும்?"

பள்ளிவாசல் மினாரா முன்னால் தெரிந்தது. இன்னும் ஒரு மணித்தியாலத்தில் இவர் எங்கள் வளவில் இருப்பார். தயிர்ச் சட்டி இவர் முன்னால் போகும். மீன் தலை போகும். இனிமேல் மூத்த மருமகன், சின்ன மருமகன், புது மருமகன். சிவப்புக் கார். அதுவும் மினுங்க வேண்டுமாம்.

"ஒரு மணித்தியாலம் காணும், தம்பி" என்றேன்.

"ஒரு மணித்தியாலந்தானா?"

"ஓம். கூடிப்போனா ஒண்டேகால்."

"ஜஸாக்கல்லாஹ், காக்கா" என்று நன்றி சொன்னார். நான் கைலேஞ்சியை எடுத்துக் கொடுத்தேன், நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

சகலன் எனக்கு ஒரு நாள் என்று சொன்னபோது, அவர் என்னை ஏமாற்றுகிறார் என்று நான் நினைத்தேன் அல்லவா? அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ, அதைத்தான் அவர் செய்கிறார் என்று நினைத்திருக்கிறேன். இது அன்று எனக்குத் தெரியவில்லை. ஐந்து வாரம் கழித்துத் தெரிந்தது.

அன்று ஒரு சனிக்கிழமை. சகலன் கடைக்குப் போய்விட்டார். நான் யன்னலில் நின்றேன். முற்றத்தில் சிவப்புக் காருக்கு முதல் பூச்சுப் போட்டுத் துடைத்தாகிவிட்டது. அருமையாக வந்திருந்தது. மாமா பிளாஸ்டிக் கதிரையைக் கார் பக்கத்திலேயே போட்டு இருந்து, புது மருமகனோடு சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். டின் என்னுடையது. நான்தான் மிச்சத்தைக் கொடுத்திருந்தேன்.

நான் அங்கேயே நின்றேன். என் கார் எப்படி ஆனது என்பது என் கண்ணுக்குள் இருந்தது. கையில் ஒட்டிய அந்தச் சாரன் துண்டு, மாமாவின் விரல், வெள்ளன நல்லாத்தானே கிடந்த என்ற அந்தக் குரல், எல்லாம் இருந்தது. ஒரு வசனம் போதும். "தம்பி, நாளைக்குப் போடுங்க" என்று யன்னலில் நின்றபடியே சொல்லலாம். பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று ஒத்துக்கொள்ளக்கூடத் தேவையில்லை, இண்டைக்குத் தூசி கூடுதல் என்று சொன்னாலே போதும். மாமா மட்டும் அந்தக் கதிரையில் இல்லாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று இப்போதும் என்னிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

புது மருமகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து யன்னலில் என்னைக் கண்டார். சிரித்தார். கையை உயர்த்தி, மணிக்கூட்டை விரலால் தட்டிக் காட்டி, மற்றக் கையிலிருந்த துணியைத் தூக்கி, போடட்டுமா என்று சைகையில் கேட்டார்.

மாமாவும் திரும்பி என்னைப் பார்த்தார்.

ஓம் என்று தலையாட்டினேன்.